கடிதம் நாலு வரி, நாள் பன்னிரண்டு மணி நேரம்

ஒன்ராறியோவில் பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்க விரும்பும் பெற்றோரிடம் அரசாங்கம் கேட்பது ஒரு கடிதம். பிள்ளையின் பெயர், பால், பிறந்த திகதி, வீட்டு முகவரி, தொலைபேசி எண், இந்தப் பிள்ளைக்கு வீட்டில் கல்வி கொடுக்கப்போகிறோம் என்ற ஒரு வசனம், கீழே கையெழுத்து. செப்டெம்பர் 1க்கு முன் அது கல்விச் சபைக்குப் போய்ச் சேர வேண்டும். தாய்க்கு ஆசிரியச் சான்றிதழ் தேவையில்லை. பாடத்திட்டத்தைக் காட்டி அனுமதி வாங்கவும் தேவையில்லை. ஆண்டு முடிவில் சோதனையும் இல்லை. படிவம், கட்டணம், நேர்முகம் என்று பழகிய நம் மனது இதை நம்ப மறுக்கும். இன்னும் ஏதோ இருக்கும் என்று தேடும். இல்லை. கடிதம் நாலு வரிதான்.

கடிதத்தை எழுத ஐந்து நிமிடம் போதும். அதற்குப் பிறகு ஒரு செப்டெம்பர் காலை வரும். மஞ்சள் பஸ் தெருமுனையில் நின்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விடும். மேசையின் ஒரு பக்கம் தாய், மறுபக்கம் இரண்டு சின்னவர்கள், சுவரில் மணிக்கூடு. அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதைச் சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

சட்டம் சொல்வது

முதலில் வயது. ஒன்ராறியோவில் 6 வயதிலிருந்து 18 வரை பள்ளிக்கூடம் கட்டாயம். ஜேகே, எஸ்கே என்று நாம் சொல்லும் 4, 5 வயது வகுப்புகள் எல்லாப் பள்ளிகளிலும் இருந்தாலும் அவை பெற்றோரின் விருப்பம். ஆகவே இன்னும் எங்கும் சேர்க்காத 4 வயதுப் பிள்ளைக்குக் கடிதமே தேவைப்படாது. கணக்கு 6 வயதில்தான் தொடங்குகிறது.

மாகாணக் கல்விச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, வீட்டிலோ வேறிடத்திலோ திருப்தியான கல்வி பெறும் பிள்ளைக்குப் பள்ளி வரவிலிருந்து விலக்குத் தருகிறது. அந்த ஒரு வரியை நடைமுறையில் எப்படிக் கையாள்வது என்று கல்வி அமைச்சு 2002 ஜூனில் எல்லாக் கல்விச் சபைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அதன் இலக்கம் 131. வீட்டுக் கல்வி நடத்தும் எந்தப் பெற்றோரும் அச்செடுத்து வைத்திருக்க வேண்டிய தாள் அது. பெற்றோர் எழுதித் தந்தால் அதையே திருப்தியான கல்விக்குச் சான்றாகச் சபை ஏற்க வேண்டும் என்கிறது. மாதிரிக் கடிதமும் அதன் பின்னிணைப்பில் இருக்கிறது. பெயர் விவரங்களை மாற்றி அப்படியே எழுதலாம். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக அனுப்ப வேண்டும். சபையிலிருந்து வரும் பதிலைப் பத்திரமாகக் கோப்பில் வைக்க வேண்டும்.

சபை விசாரிக்கலாமா? காரணம் இருந்தால் விசாரிக்கலாம். பெற்றோர் எழுத்தில் அறிவிக்க மறுப்பது, பிள்ளைக்குப் படிப்பு நடக்கவில்லை என்று நம்பத்தக்க தகவல் வருவது, ஏற்கெனவே பள்ளிக்கு அடிக்கடி வராதிருந்தது, பள்ளியோடு ஏற்பட்ட பிணக்கால் பிள்ளையை நிறுத்தியது என்று சுற்றறிக்கையே சில காரணங்களைச் சொல்கிறது. கடைசிக் காரணத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வகுப்பில் யாரோ பிள்ளையைச் சீண்டினார்கள் என்ற கோபத்தில் பெப்ரவரி மாதம் ஒருநாள் நிறுத்திவிட்டு, கடிதத்தைப் பிறகு பார்ப்போம் என்று விடுகிறவர்களுக்குத்தான் சிக்கல் வருகிறது. ஆண்டின் நடுவில் நிறுத்தினால் அந்த வாரமே கடிதம் போக வேண்டும். விசாரணை வந்தால் என்ன கேட்பார்கள் என்பதும் ஒளிவுமறைவு இல்லாமல் அந்தத் தாளிலேயே உண்டு: என்ன திட்டம், வாசிப்பும் கணக்கும் எப்படி நடக்கின்றன, என்னென்ன புத்தகங்கள், பிள்ளையின் முன்னேற்றத்தை எப்படிப் பார்க்கிறீர்கள். பிள்ளை எழுதிய தாள்களைத் திகதி போட்டுச் சேர்த்துவைத்திருக்கும் தாய்க்கு இந்தக் கேள்விகளுக்குப் பதில் கையிலேயே இருக்கும்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். அல்பேர்டா மாகாணம் வீட்டில் படிப்பிக்கும் குடும்பங்களுக்கு ஒரு தொகை தருகிறது. ஒன்ராறியோ ஒரு சதமும் தருவதில்லை. பிள்ளைகளுக்காக வரும் மத்திய அரசின் மாதக் கொடுப்பனவு பள்ளியோடு சம்பந்தப்பட்டதல்ல, அது நிற்காது. குடும்ப வருமானம் குறைந்தால் அடுத்த ஜூலையிலிருந்து அது கூடவும் செய்யலாம். ஆனால் ஒரு சம்பளம் போன இடத்தை அது நிரப்பாது.

மணிக்கணக்கு

ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். கடன் தவணை இரண்டு சம்பளத்தை நம்பி எழுதப்பட்டது. தகப்பன் இரவு வேலை, தாய் பகல் வேலை, இடையில் பிள்ளைகளை அம்மம்மா பார்ப்பார். இப்படி நடக்கிற வீட்டில் 4 வயதில் தொடங்கும் முழுநாள் ஜேகே, படிப்பு என்பதைவிடப் பெரிய உதவி. நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் பிள்ளை பத்திரமான இடத்தில், காசு இல்லாமல். வீட்டுக் கல்வியைத் தேர்கிறவர்கள் முதலில் விட்டுக்கொடுப்பது அதைத்தான். இந்த நூல் முழுவதிலும் பெற்றோரிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: விழித்திருக்கும் பன்னிரண்டு மணி நேரமும் பிள்ளைகளோடு இருக்கப்போகும் பெரியவர் யார், அவருக்கு ஓய்வு தரப்போவது யார்? இந்த இரண்டுக்கும் பெயர் சொல்ல முடியாத வீடு, அடுத்த பக்கங்களைப் படித்துவிட்டு ஓராண்டு பொறுப்பது நல்லது.

இந்த மணிக்கணக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒன்ராறியோவில் ஒரு பள்ளி நாளின் பாட நேரம் 300 நிமிடம். சிறு வகுப்புகளில் சுமார் 20 பிள்ளைகள். ஆசிரியர் நேரத்தைச் சமமாகப் பங்கிட்டால் ஒரு பிள்ளைக்கு 15 நிமிடம். பிள்ளைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பதை இந்தக் கணக்கு விட்டுவிடுகிறது என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு தாய் 6 வயது மகளோடு ஒன்றரை மணி நேரம் மேசையில் உட்கார்ந்தால் அது குறைவான படிப்பல்ல என்பதை இது காட்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்யும் பெரிய பிழை, காலை 9 மணியிலிருந்து மாலை 3 வரை வீட்டில் மணியடித்துப் பள்ளி நடத்தப் பார்ப்பது. மூன்றாவது வாரத்தில் தாய் அழுவார், பிள்ளை மேசைக்குக் கீழே ஒளிந்துகொள்ளும்.

இந்தப் பாதையில் முன்னே போனவர் ஒருவர் ஒன்ராறியோவிலேயே இருக்கிறார். வெண்டி பிரீஸ்னிட்ஸ் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். வகுப்பறை வேலை தனக்கு ஒத்துவராது என்று கண்டு சீக்கிரமே விலகினார். 1970களில் தன் இரண்டு மகள்களையும் பள்ளிக்கு அனுப்பாமல் வளர்த்தார். 1976இல் கணவரோடு சேர்ந்து வீட்டிலிருந்தே ஒரு சஞ்சிகை தொடங்கினார். அந்த வேலையின் நடுவில்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். வீட்டில் படிப்பிப்பதைப் பலர் கேள்விப்பட்டும் இராத காலம் அது. அப்படிச் செய்கிறவர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொள்ளவென 1979இல் கனடிய வீட்டுக் கல்வியாளர் கூட்டமைப்பை உருவாக்கினார். பாடத்திட்டமே வேண்டாம், வாழ்க்கையிலிருந்தே பிள்ளை கற்கும் என்பது அவருடைய கட்சி.

அந்தக் கட்சியை அப்படியே ஏற்கலாமா என்பதற்கு ஒரு சிறிய ஆய்வு உதவுகிறது. மொன்றியல் கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தின் சாண்ட்ரா மார்ட்டின்-சாங்கும் அவரோடு இருவரும் 2011இல் வெளியிட்டது. 5 முதல் 10 வயது வரையான பிள்ளைகள், வீட்டில் படிப்பவர்கள் 37 பேர், பொதுப் பள்ளியில் படிப்பவர்கள் 37 பேர். ஒழுங்கான திட்டத்தோடு வீட்டில் படித்தவர்கள் பள்ளிப் பிள்ளைகளைவிட மேலே நின்றார்கள். திட்டமே இல்லாமல் விடப்பட்ட 12 பேர் மூன்று குழுக்களிலும் கீழே இருந்தார்கள். எண்ணிக்கை சிறியது, தாமாக முன்வந்த குடும்பங்கள். இதை வைத்து யாரும் கொடி பிடிக்கக் கூடாது. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிப்பையும் கணக்கையும் ஒருவர் உட்கார்ந்து, படிப்படியாக, ஒவ்வொரு நாளும் சொல்லித்தர வேண்டும் என்ற பழைய அறிவோடு அது ஒத்துப்போகிறது. மற்றதெல்லாம் வெண்டி சொன்னபடி வாழ்க்கையிலிருந்தே வரட்டும்.

மேசையில் ஒன்றரை மணி நேரம்

மோர்னிங்சைட் ஹைட்ஸ் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மகளுக்கு 6, மகனுக்கு 4. காலைச் சாப்பாட்டுக் கோப்பைகள் எடுத்தானதும் ஒன்பதரைக்கு மேசை. முதல் 20 நிமிடம் இருவருக்கும் பொது: ஒரு கதை, அதைப் பற்றிய பேச்சு. பிறகு சின்னவனுக்குக் களிமண், கத்தரிக்கோல், பழைய பிளையர்த் தாள்கள். கடைப் படங்களை வெட்டி ஒட்டிக்கொண்டு அவன் அதே மேசையில் இருப்பான். மகளோடு தாய் வாசிப்புக்கு 20 நிமிடம், எழுத்துக்கு 10, கணக்குக்கு 20, கடைசியாகத் தமிழுக்கு 20. பதினொரு மணிக்கு மேசை முடிந்துவிடும். வேகமாக முடிந்த நாளில் இன்னும் கொஞ்சம் செய்வோம் என்று நீட்டக் கூடாது. முடிந்தால் வெளியே போகலாம் என்ற உறுதியில்தான் பிள்ளை உட்கார்கிறது. அந்த வாக்கைத் தாய் மீறினால் மறுநாள் உட்கார வைப்பது கஷ்டம்.

ஆங்கில வாசிப்பில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2022 பெப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை, மாகாணப் பள்ளிகளில் வாசிப்பைக் கற்பித்த முறையையே பிழை என்றது. படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்க விடுவதை நிறுத்தி, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை வரிசையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டது. 2023இல் வந்த புதிய மொழிப் பாடத்திட்டம் அந்தப் பக்கம் திரும்பியது; கையெழுத்தைத் தொடுத்து எழுதுவதும் அதில் திரும்பி வந்தது. வீட்டில் படிப்பிக்கும் தாய் மாகாணப் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. இருந்தாலும் அது இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. முதலாம் வகுப்புக்குரிய பக்கங்களை அச்செடுத்துச் சமையலறையில் தொங்கவிடுவது நல்ல பழக்கம். பிள்ளை ஒருநாள் பள்ளிக்குத் திரும்ப நேர்ந்தால் இடைவெளி பெரிதாக இராது.

கணக்குக்குப் பணிப்புத்தகம் வாங்க அவசரப்படவேண்டாம். அம்மம்மாவின் பெட்டிக்குள் ஊரிலிருந்து வந்த பல்லாங்குழிப் பலகை இருக்கக்கூடும். குழிக்கு ஐந்து சோகி என்று போட்டு ஆடும்போது எண்ணுவது, ஐந்தைந்தாகக் கூட்டுவது, எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே முடியும் என்று முன்னே யோசிப்பது எல்லாம் தானாக நடக்கும். கடைக்குப் போகும்போது இன்னொரு பாடம். கனடா 2013 பெப்ரவரியில் ஒரு சதக் காசை விநியோகிப்பதை நிறுத்தியது. ஆகவே காசாகக் கொடுத்தால் 3 டொலர் 97 சதம் 3 டொலர் 95 ஆகும், 3 டொலர் 98 சதம் 4 டொலர் ஆகும். ஏன் என்று மகள் கேட்பாள். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் நிறுக்கிற தராசின் முன்னே நின்று அதை விளக்கினால் போதும். கிட்டிய ஐந்துக்கு மாற்றுவது என்ற பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

தமிழ் நேரம்

வீட்டுக் கல்வியைத் தேர்ந்த தமிழ்க் குடும்பத்துக்குப் பள்ளியால் தர முடியாத ஒன்றைத் தரும் வாய்ப்பு இருக்கிறது. வாரத்தில் ஒருநாள், சனிக்கிழமை காலைத் தமிழ் வகுப்பு என்பது ரொறன்ரோவில் பல ஆண்டுகளாக நடந்துவரும் நல்ல ஏற்பாடு. ஒன்ராறியோவின் பாரம்பரிய மொழித் திட்டம் 1977இல் தொடங்கியது. ஆனால் ஐந்து நாள் ஆங்கிலத்தில் ஓடிய நாக்கு சனிக்கிழமை இரண்டரை மணி நேரத்தில் திரும்புவதில்லை. நாளுக்கு 20 நிமிடம், அதிலும் வீட்டில் பேசும் மொழியாகவே இருக்கும்போது, கணக்கு வேறு.

எழுத்தை எங்கே தொடங்குவது? விஜயதசமியன்று கோவிலில் ஐயர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதுவிப்பார். அது அழகான தொடக்கம். ஆனால் மறுநாளிலிருந்து அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகப் போனால், வளைவும் சுழியும் உள்ள உயிரெழுத்துகளில் 6 வயது விரல் களைத்துப்போகும். நேர்கோடுகளாக உள்ள ட, ப, ம மூன்றையும் முதலில் கொடுங்கள். அவற்றோடு புள்ளியையும் சொல்லிக்கொடுங்கள். இரண்டாம் வாரத்தில் பிள்ளை படம், மடம், பட்டம், மட்டம் என்று சொற்களையே வாசிக்கும். 247 எழுத்தையும் முடித்த பிறகுதான் சொல் என்று காத்திருக்கும் பிள்ளைக்கு அந்தச் சந்தோசம் கிடைக்க மாதக்கணக்காகும். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டில் சிறுவருக்கென்றே பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். பிள்ளைக்கு ஏற்ற படியில் புத்தகம் வேண்டும் என்பது நம்மவர்களுக்குப் புதிய எண்ணமல்ல.

பேச்சுத் தமிழையா எழுத்துத் தமிழையா சொல்லிக்கொடுப்பது என்று தாய்மார் குழம்புவார்கள். வீட்டில் 'வந்தனாங்கள்' என்று பேசுகிற பிள்ளை புத்தகத்தில் 'வந்தோம்' என்று பார்க்கும். பேச்சைத் திருத்த வேண்டாம். இது நாங்கள் பேசுவது, அது புத்தகம் பேசுவது என்று சொன்னால் பிள்ளை இரண்டையும் வைத்துக்கொள்ளும். அம்மம்மா தன் ஊர்க் கதையைச் சொல்ல, பேத்தி அதில் ஒரு வரியை மட்டும் எழுதுவது இந்த நேரத்துக்கு மிகப் பொருத்தமான பயிற்சி. ஓராண்டில் ஒரு கொப்பி நிறையும்.

ரூஜ் தரும் வகுப்பறை

ரொறன்ரோவின் வேறு பகுதிகளில் இந்த அத்தியாயத்தைப் படிப்பவர்கள் பொறாமைப்படக்கூடிய இடம் இதுதான். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேசியப் பூங்கா, அதுவும் நுழைவுக் கட்டணம் இல்லாமல். ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவுக்கான சட்டம் 2015இல் நடைமுறைக்கு வந்தது. முழுமையானால் அதன் பரப்பு 79 சதுர கிலோமீற்றர். காடு, சதுப்பு, ஆறு, வயல் நான்கும் அதற்குள். வார நாளில் காலை பதினொன்றரைக்குப் போனால் பாதையில் ஆளே இராது.

மாஸ்ட் பாதை என்று ஒன்று உண்டு. ஒரு காலத்தில் பாய்மரக் கப்பல்களுக்குக் கொடிமரமாக வெள்ளைப் பைன் மரங்களை வெட்டி இழுத்துச் சென்ற வழி. அதில் நடந்துகொண்டே, ஒரு கப்பலுக்கு எவ்வளவு உயரமான மரம் வேண்டும் என்று மகளிடம் கேட்கலாம். இப்போது நிற்கும் மரமொன்றின் உயரத்தை நிழலால் அளக்கலாம். பாய்மரக் கப்பல் கட்டிய வல்வெட்டித்துறையின் கதையையும் அங்கேயே சொல்லலாம். பூங்காவுக்குள் பீட் ஹில் என்ற மேடு இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் செனெக்கா மக்கள் வாழ்ந்த ஊர் அது, தேசிய வரலாற்றுத் தலம். நாம் வாழும் மண் யாருடையது என்ற கேள்வியைப் பிள்ளைகளுக்கு இங்கே நேராகச் சொல்ல வேண்டும். நிலம் இழந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது விளங்காமல் போகாது.

செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபரிலும் ஆற்றுப் பக்கம் போகத் தவறக் கூடாது. ஒன்ராறியோ ஏரியிலிருந்து சினூக் சல்மன் மீன்கள் முட்டையிட ஆற்றை எதிர்த்து ஏறும் காலம். ஒரு முழத்துக்கு மேல் நீளமான மீன் கணுக்கால் ஆழத் தண்ணீரில் முதுகு தெரிய முட்டி மோதி ஏறுவதை 4 வயதுப் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். இந்த மீன் இங்கத்தைய மீனல்ல. இந்த ஏரிக்கே உரிய அத்திலாந்திக் சல்மன் 19ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் அழிந்துபோனது. ஆறுகளுக்குக் குறுக்கே கட்டிய ஆலை அணைகளும் மிதமிஞ்சிய மீன்பிடியும் காரணம். சினூக், பசிபிக் கரையிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. உணவுச் சங்கிலி, அணை, இடப்பெயர்வு என்று ஒரு மாதப் பாடம் அந்த ஒரு மீனிலிருந்து வரும்.

லோரன்ஸ் வீதி கிழக்கே முடியும் இடத்தில் ரூஜ் கடற்கரை. ஆறு ஏரியோடு சேர்வதையும், அதன் அருகே நாணல் நிறைந்த சதுப்பையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். பிளாண்டிங் ஆமை என்ற மஞ்சள் கழுத்து ஆமை இந்தப் பூங்காவில் அருகிப்போயிருந்தது. ரொறன்ரோ மிருகக்காட்சிச்சாலை குஞ்சுகளை வளர்த்து 2014இலிருந்து பூங்கா நிர்வாகத்தோடு சேர்ந்து ஈரநிலத்தில் விட்டுவருகிறது. அந்த மிருகக்காட்சிச்சாலையும் ரூஜிலேயே இருக்கிறது. ஆண்டு உறுப்பினர் அட்டை வாங்கினால் வார நாளில் ஒரே ஒரு விலங்கைப் பார்க்க மட்டும் போய் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம். 12 வயது வரையான பிள்ளைகளுக்கு ரிரிசி பஸ்ஸிலும் கோ ரயிலிலும் கட்டணம் இல்லை. ரூஜ் ஹில் நிலையத்திலிருந்து யூனியன் வரை தாய் ஒரு டிக்கெட்டோடு இருவரையும் கூட்டிப்போகலாம்.

ஒரு கவனம். இந்தப் பள்ளத்தாக்கில் லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி இருக்கிறது. காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகி, பாதையின் நடுவில் நடந்து, வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, கக்கம், காதுப் பின்புறம், தலைமயிர் எல்லாம் பார்க்க வேண்டும். இதை ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டும்.

மாரி

செப்டெம்பரில் இதெல்லாம் இனிமை. வீட்டுக் கல்வியின் உண்மையான சோதனை ஜனவரி. ஐந்து மணி சுமாருக்கே இருட்டிவிடும். இரண்டு பிள்ளைகளுக்குப் பனி உடுப்பு மாட்டி முடிப்பதற்குள் ஒருவர் கழிப்பறை கேட்பார். தாய் நாள் முழுவதும் வேறொரு பெரியவரோடு ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டார். இந்த மாதத்தில் படிப்பு குறைந்தால் பரவாயில்லை. தாயின் மனம் உடையாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். வாரத்தில் இரண்டு நாள் மேசையை நூலகத்துக்கு மாற்றலாம். மால்வேர்ன், போர்ட் யூனியன் கிளைகள் பக்கத்திலேயே உள்ளன. ரொறன்ரோ பொது நூலகத்தில் இப்போது தாமதக் கட்டணம் இல்லை, நகரின் சில அருங்காட்சியகங்களுக்கான இலவச நுழைவுச்சீட்டும் நூலக அட்டைக்குக் கிடைக்கும். தகப்பன் வாரத்தில் ஒரு மாலை முழுப்பொறுப்பு எடுத்துத் தாயை வெளியே அனுப்ப வேண்டும். இது உதவியாக அல்ல, கால அட்டவணையில் எழுதப்பட்ட பாடவேளையாக இருக்க வேண்டும்.

பொங்கலும் ஜனவரியில்தான். ஒன்ராறியோவில் 2014இலிருந்து அந்த மாதம் தமிழ் மரபுத் திங்கள். பானை வைப்பதற்கு முன் அரிசி, பயறு, சர்க்கரை அளவை மகள் எழுதட்டும், சின்னவன் சுண்டால் அளந்து போடட்டும்.

ஆக்கள் கேட்கும் கேள்வி

"ஊரில பள்ளிக்கூடத்துக்குக் குண்டு விழுந்த காலத்திலயும் மரத்துக்குக் கீழ இருத்திப் படிப்பிச்சவை. இஞ்ச பள்ளிக்கூடம் வாசல்ல இருக்க, பிள்ளையளை வீட்டில வச்சிருக்கிறியே பிள்ளை?" என்று ஒரு அம்மம்மா கேட்டால் அந்தக் கேள்விக்குக் கோபப்படக் கூடாது. இலங்கையில் 1945இல் இலவசக் கல்வி வந்தபின் ஏழை வீடுகளைத் தூக்கிவிட்டது பள்ளிக்கூடம்தான். 1981இல் யாழ் நூலகம் எரிந்ததைப் பார்த்த தலைமுறைக்குப் பள்ளியை வேண்டாம் என்பது தன் கையால் ஒன்றை எரிப்பதுபோல் தோன்றலாம். அவரிடம் வாதிடுவதைவிட, காலையில் அரை மணி நேரம் மேசையருகே வந்து உட்காரச் சொல்வது நல்லது. பெரும்பாலும் அவர்தான் பிறகு தமிழ்ப் பாடத்தை எடுத்துக்கொள்வார்.

பிள்ளைக்குச் சிநேகிதர் வேண்டும் என்ற கேள்வி இன்னும் கனமானது. நடனம், மிருதங்கம், சனிக்கிழமைத் தமிழ் என்று ஸ்காபரோத் தமிழ்ப் பிள்ளைகளின் வார இறுதி நிறைந்துதான் இருக்கிறது. ஆனால் வகுப்பில் பக்கத்தில் இருப்பது வேறு, ஒன்றுமே செய்யாமல் சேர்ந்து விளையாடுவது வேறு. வாரத்தில் ஒருநாள் அதே இரண்டு மூன்று பிள்ளைகளோடு, அதே இடத்தில், இரண்டு மணி நேரம். இதற்கு ஒழுங்கு செய்ய முடியாவிட்டால் 6 வயதுக்கு மேல் வீட்டுக் கல்வியைத் தொடர்வது பற்றி இரண்டு முறை யோசிக்க வேண்டும். பொருத்தமான குடும்பங்களைக் கண்டுபிடிப்பது முன்பைவிட இலகு. கொவிட் ஆண்டான 2020–21இல் கனடா முழுவதும் வீட்டில் படித்த பிள்ளைகள் 83 ஆயிரத்துக்கு மேல். அதற்கு முந்திய ஆண்டைவிட இரண்டு மடங்குக்கும் கூட. மாகாணத்தின் வீட்டுக் கல்விப் பெற்றோர் சங்கமும் 1987இலிருந்து இயங்கிவருகிறது.

இழப்பதையும் எழுதிவைக்க வேண்டும். பேச்சு தாமதமான பிள்ளை, கவனம் நிலைக்காத பிள்ளை, காது மந்தமான பிள்ளைக்குப் பள்ளியில் கிடைக்கும் உதவி ஆசிரியரும் தனித் திட்டமும் வீட்டில் கிடைக்காது. சில சுகாதாரச் சேவைகளுக்கு வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம், ஆனால் அதற்காக அலைவது தாய்தான். பிள்ளை வாசிக்கத் தடுமாறுவதை ஓர் அனுபவமுள்ள ஆசிரியை முதல் மாதத்திலேயே கண்டுகொள்வார். தாய்க்கு ஒப்பிட்டுப் பார்க்க அதே வயதில் இன்னொரு பிள்ளை இல்லை. ஆகவே மகளுக்கு 7 வயது நடக்கும்போது வெளியார் ஒருவரைக் கொண்டு வாசிப்பைப் பார்க்கவைக்க வேண்டும். மூன்றாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் மாகாணச் சோதனையை வீட்டில் படிக்கும் பிள்ளையும் அருகிலுள்ள பள்ளியில் காசில்லாமல் எழுதலாம். அதற்குச் செப்டெம்பரிலேயே சபையிடம் சொல்லிவைக்க வேண்டும்.

திரும்பிப் போவதற்கு எந்த நாளும் கதவு திறந்திருக்கிறது. தாய் வேலைக்குப் போக வேண்டி வரலாம், மூன்றாவது பிள்ளை வரலாம், அல்லது மகளே ஒருநாள் யன்னலால் மஞ்சள் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நானும் போகட்டுமா என்று கேட்கலாம். அருகிலுள்ள பள்ளிக்குப் போய்ப் பிறப்புச் சான்றிதழ், முகவரிச் சான்று, தடுப்பூசிப் பதிவு மூன்றையும் காட்டினால் பிள்ளையைச் சேர்ப்பார்கள். சிறு வகுப்புகளில் பெரும்பாலும் வயதுக்குரிய வகுப்பிலேயே விடுவார்கள். அதிபரோடு பேசப் போகும்போது கோப்பைக் கையில் கொண்டுபோகவும்: சபையின் கடிதங்கள், மாதத்துக்கு இரண்டாகத் திகதியிட்ட எழுத்துத் தாள்கள், வாசித்த புத்தகங்களின் பட்டியல், கணக்குக் கொப்பி, அம்மம்மாவின் கதை எழுதிய தமிழ்க் கொப்பி, ஒக்டோபரில் வரைந்த சல்மன்.